கிளெமென்ட் டேலியாவைப் பனியிலிருந்து காத்த படலம்

வாழ்க கிளெமென்ட்! திண்டுக்கல் கடைத்தெருவின் பூட்டுக்கடை வேந்தன், திறவாப் பூட்டையும் திறக்கும் திருக்கரத்தான், மனையாள் அன்னாளின் சொல்லை மட்டும் ஏற்காத இரும்புச் செவியான், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மார்கழியில் ஒற்றை டேலியாச் செடியின் பொருட்டுக் குளிர் என்னும் கொடும்பகைமேல் படையெடுத்த பெருங்கதையைப் பாடப் புகுகிறோம். கேட்போர் சிரித்துவிடாதபடி கர்த்தர் காப்பாராக.

போருக்குக் காரணம் பெண்ணும் அன்று, மண்ணும் அன்று, ஒரு மொட்டு. கிறிஸ்துமஸ் திருப்பலிக்குப் பீடத்தில் வைக்கும் பூவைத் தேவாலயப் பங்கிலேயே சிறந்த வீட்டுத் தோட்டத்திலிருந்து உபதேசியார் அருளப்பன் தேர்ந்தெடுப்பது வழக்கம். அடுத்த வீட்டுப் பவுல்ராஜின் செவ்வந்தியே ஆண்டுதோறும் அந்த அரியணை ஏறியது. ஏறும்போதெல்லாம் கிளெமென்டின் வயிறு எரிந்தது. ஆகவே கொடைக்கானலிலிருந்து கிழங்கு கொணர்ந்து, தொட்டியில் நட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒரே ஒரு மொட்டுக் கண்டான். அது விரிந்தால் பவுல்ராஜின் கொட்டம் அடங்கும்.

அந்நேரம் பார்த்து, கொடைக்கானலில் உறைபனி விழுந்து செடிகள் கருகின என்று வானொலி முழங்கிற்று. திண்டுக்கல்லிலோ மார்கழியிலும் மின்விசிறி சுழலும். பனியில் ஒரு செடி கருகியதாக எவரும் கேட்டதில்லை. ஆனால் மாவீரர்கள் ஊர் நிலவரம் விசாரித்துவிட்டா போர் தொடுக்கிறார்கள்?

“அங்க விழுந்த பனி இங்க வர எம்புட்டு நேரமாகும்? பஸ்ஸே மத்தியானத்துக்குள்ள வந்து நிக்குது!” என்று வாசலில் நின்று பிரகடனம் செய்தான்.

செய்தவன், தொட்டியை வாசல் சுவரோரம், தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழ் நிறுத்தி, அடித்தண்டைச் சுற்றி வைக்கோல் அரண் எழுப்பி, அன்னாளின் புத்தம்புது வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கவர்ந்து செடியை உச்சிமுதல் அடிவரை சுற்றி, அதுவும் போதாதென்று உள்ளே நூறு வாட் பல்பொன்றை இரவுபகலாக எரியவிட்டான்.

“ஏங்க, அதுக்கு மூச்சு முட்டாதா? செத்த நேரம் வெயில்ல வைங்க” என்றாள் அன்னாள்.

“தொறந்தா குளிர் பூந்துரும்டி!” என்ற வீரமொழியோடு போர்மந்திராலோசனை கலைந்தது. மதிலுக்கு அப்பால் பவுல்ராஜின் செவ்வந்தி, போர்த்தத் துணியில்லாமல், பனியில் குளித்து, வெட்கங்கெட்டுச் செழித்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, உபதேசியார் தலைமையில், மேளமும் கிட்டாருமாகக் கேரல்ஸ் பாடும் படை வந்தது. பாட்டு முடித்துப் பூப்பார்ப்பது திட்டம். வாசலில் நட்சத்திரம்; அதன் கீழ் வைக்கோல்; நடுவில் வெள்ளைத் துணியில் பொதிந்து, உள்ளிருந்து ஒளி கசியும் ஒன்று.

“ஆத்தாடி, பாலன் பொறந்த குடிலு! என்னா அம்சமா சோடிச்சிருக்காரு!” என்றார் உபதேசியார்.

மேளம் அடங்கியது. படை முழுவதும் முழந்தாளிட்டது. தடுக்க வாய் திறந்தான் கிளெமென்ட். ஆனால் ஊரே தன் செடியை வணங்கும் அந்தப் பேரெழிற் காட்சியில் மயங்கினான். பூட்டு வேந்தனும் முழந்தாளிட்டான்.

பாலன் இயேசுவை முத்தமிட உபதேசியார் பயபக்தியோடு துணியை விலக்கினார். குப்பென்று ஆவி அடித்தது. இலை துவண்டு, தண்டு குழைந்து, மொட்டு புளியங்கொட்டையாய்க் கறுத்து, டேலியா வீரமரணம் எய்தியிருந்தது.

“ஏலே கிளெமென்ட்டு, பாலன் எங்கப்பா?” என்று கேட்டார் உபதேசியார்.

மாவீரனுக்கு மெய்யாகவே கண்ணீர் வந்துவிட்டது. பாவம், ஒரு மொட்டுக்காக எத்தனை நாள் ஏங்கியிருந்தான்!

அன்னாள் குனிந்து, தண்டை விரலால் நசுக்கிப் பார்த்தாள். “வெந்துபோச்சு. கீரையா இருந்தா வெஞ்சனத்துக்காச்சும் ஆயிருக்கும்.”

அந்த வருஷமும் பீடத்துக்குப் பவுல்ராஜ் வீட்டுச் செவ்வந்திதான் போனது.