சீனா அண்ணாச்சியின் வலது முழங்கால்

தனக்கு உடம்பு சரியில்லை என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதர் தாமிரபரணிக் கரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். பட்டாளத்து டாக்டர்கள் மூன்று முறை பரிசோதித்தது அவரைத்தான்.

காகிதங்களில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சீனத்துச் சண்டைக்குப் போய் வந்ததால் ஊருக்கு அவர் சீனா அண்ணாச்சி. அங்கே பாலம் கட்டும்போது உத்திரம் விழுந்து வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. "எதிரி தள்ளினதா அண்ணாச்சி?" என்று கேட்டால், "இல்லலே, நம்ம உத்திரந்தான்" என்பார்.

வேலைக்குப் போக முடியாது. அவர் மனைவி, எனக்கு மதினி, ஊராருக்கு நெல் குத்தித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஊனப் பென்ஷனுக்கு மனுப் போட வைத்தது அவள்தான்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. வெள்ளைக்கார டாக்டர்களுக்கு மொழிபெயர்ப்பதும் நானே. முதல் பரிசோதனையில் துரை, "எப்படி இருக்கிறார் என்று கேளும்" என்றார். கேட்டேன்.

அண்ணாச்சி விறைப்பாக நின்று சலாம் வைத்தார். "ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். துரை சௌக்கியமான்னு கேளு."

வரி பிசகாமல் மொழிபெயர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. துரை தானும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு, 'மனுதாரர் தம் வாக்குமூலப்படியே நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் சொல்லிட்டிய?"

"மனுசன் மரியாதையாக் கேக்காரு. அவருகிட்டப் போயி ஒப்பாரியா வைக்க முடியும்?"

மேல்மனுப் போட்டோம். இரண்டாவது பரிசோதனை நடந்த அன்று நான் தங்கை கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரத்தில் இருந்தேன். வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தால், 'இந்த வயதில் இப்படியொரு முழங்கால் அபூர்வம்' என்றிருந்தது.

"எந்தக் காலைப் பாத்தாரு?"

"இடது."

"நோவு வலதுலல்லா?"

"ஆமா."

"சொல்ல வேண்டியதுதான?"

"ஆபீசர் ஒரு கால்ல கைய வச்சிட்டாருன்னா, அது தப்பான காலுன்னு சிப்பாய் சொல்லப்படாதுலே."

அந்த டாக்டர் வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாராம். உட்காரவே இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே எழுதினேன்: எந்தக் காலைத் தொட்டார், எந்தக் காலைத் தொடவில்லை, ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்தது, ஆகவே மறுபரிசோதனை வேண்டும். கூடவே மதினியின் சாட்சியமும் வைத்தேன்.

"எழுதுங்க தம்பி" என்றாள். "படித்துறையில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்துதான் எறங்குதாக. என்னன்னு கேட்டா, படி உறுதியா இருக்கான்னு பாக்கேன்னு சொல்லுதாக." எழுதி முடித்ததும் கைநாட்டு வைத்தாள்.

மூன்றாவது டாக்டர் நிதானமான கிழவர். சாட்சியத்தை இரண்டு தடவை படித்தார். மதினி கதவோரம் நின்றாள்.

"குந்தச் சொல்லும்."

"அண்ணாச்சி, குந்தணுமாம். முடியாட்டா முடியலன்னு சொல்லிருங்க" என்று கெஞ்சினேன். அவர் காதில் உத்தரவு மட்டுமே விழுந்தது. குந்தினார். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"எழுந்திருக்கச் சொல்லும்."

அண்ணாச்சி எழவில்லை. முகம் மாறவில்லை. வேர்வை மட்டும் தரையில் சொட்டியது. கடைசியில் என்னைப் பார்த்து, "இங்கனயே வசதியா இருக்குன்னு சொல்லு" என்றார்.

"பொய் சொல்லுதாக துரை!" என்று மதினி கதவோரத்திலிருந்து கத்தினாள். "பத்து வருசமாப் பொய் சொல்லுதாக!"

அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிழவர் மேசையைச் சுற்றி வந்து, அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு டாக்டரின் கை அந்த வலது முழங்காலில் பட்டது அன்றுதான்.

சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே வாசித்துக் காட்டினேன். 'நிரந்தர ஊனம்' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அவ்வளவு மோசமாவாலே எழுதியிருக்கு?"

"அப்படி எழுதினாத்தான் பென்ஷன் தருவாக, அண்ணாச்சி."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்காரனைக் கூப்பிடப் போனாள். வண்டி மரத்தடியில் நின்றது. அண்ணாச்சி ஓர் எட்டு வைத்தார், நின்றார், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாதை மேடும் பள்ளமுமாக் கிடக்கு. பைய வாலே, விழுந்திராத" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைவிடக் குள்ளம். வண்டிவரை குனிந்தே நடந்தேன்.