முடிச்சவிழ்க்கும் சாமியும் இடது குழாயும்

செவ்வாயும் வெள்ளியும் ஆரணி ஷேர் ஆட்டோக்காரர்களுக்குத் தீபாவளி. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற பெண்களைப் பார்த்து, "சாமிகிட்டயா? ஏறு ஏறு, ஜல்தி!" என்று அள்ளிப் போட்டுக்கொண்டு பெரணமல்லூர் சாலையில் பறப்பார்கள். அங்கே மூடிக் கிடந்த ஒரு நெல் கிடங்கு. வாசலில் பத்தடி பேனர்: 'கருவில் விழுந்த முடிச்சை அவிழ்க்கும் அருள்மிகு சடையன் சாமி.' பெயர் சடையன். தலையோ சுத்த வழுக்கை. அதிலேயே யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொன்று. முடிச்சவிழ்க்கி என்று தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவன் மடியைத் தடவுகிறவனுக்கு வைத்த பெயர். அதையே பேனரில் அச்சடித்து வாசலில் மாட்டியிருந்தார் மனுஷர். இத்தனை நேர்மையான மோசடிக்காரரை நான் பார்த்ததில்லை.

சாமி காசைத் தொடமாட்டார். காசு மாயையாம். பட்டுப்புடவையை மட்டும் தொடுவார். ஒரு முடிச்சுக்கு ஒரு புடவை.

அவருடைய மகத்தான கண்டுபிடிப்பு இதுதான். மாசமாக இருக்கிறவள் தறி நூலில் கை வைத்தால், அவள் போட்ட முடிச்சு வயிற்றில் போய் விழும். பிள்ளை வரும் வழியை அடைக்கும். சாமி வயிற்றின்மேல் மஞ்சள் துணியைப் போர்த்தி, உள்ளே கைவிட்டு, அந்த நூலை உருவி எடுப்பார். ஏழு முடிச்சோடு ஈரமாக வரும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு பத்தியம்: நாற்பத்தொரு நாள் உப்பு கூடாது, மாத்திரை கூடாது, ஆசுபத்திரி வாசலை மிதிக்கவே கூடாது. கடைசிப் பத்தியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்வார்.

முள்ளிப்பட்டு ஜெயப்ரியா ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் உண்ணாமலையோடு வந்தாள். வீட்டில் கணவன் சரவணன் தறி நெய்கிறான். இவள் பாவு பிணைப்பவள். தறியில் பழைய இழை தீரும் இடத்தில் புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிற வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால், ஏழு வாரக் கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே, இடது கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. குழாய் வெடித்தது. வயிறு நிறைய ரத்தம். ஆம்புலன்ஸில் போட்டுக்கொண்டு போய், வயிற்றைத் திறந்து, உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

தையல் பிரித்தாயிற்று. ஆனால் இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அமுக்கிக்கொண்டுதான் இரும வேண்டும். நாலு படி ஏறினால் கண் இருட்டியது. அதையெல்லாம்கூடத் தாங்கினாள். பார்க்க வந்தவர்களைத்தான் தாங்க முடியவில்லை. "ஏழு வாரம்தானே, அதெல்லாம் கணக்கே இல்ல" என்றாள் ஒருத்தி. "சரி, அடுத்தது எப்போ?" என்றாள் இன்னொருத்தி, சாத்துக்குடிப் பையை நீட்டிக்கொண்டே. பெயர்கூட வைக்காத பிள்ளைக்கு எப்படி அழுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. டி.வி.யில் சோப்பு விளம்பரம் வந்தால்கூட அழுதாள்.

உண்ணாமலை ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். "மாசமா கீறப்போ பாவு பிணைக்காதேன்னு அப்பவே சொன்னேன்." கெட்ட மனசில் சொல்லவில்லை, அவளுக்கும் துக்கம். ஆனால் அன்றிலிருந்து ஜெயப்ரியா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். இந்தக் கைதானா? இந்தக் கைதான் கொன்றதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கல்யாணப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்தாள்.

"தறி வீட்டுப் பொண்ணு. பாவு பிணைக்கிறவ!" என்றார் சாமி, கண்ணை மூடிக்கொண்டு. கூட்டம் சிலிர்த்துப் போனது. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற முள்ளிப்பட்டிலிருந்து வருகிற பெண்ணிடம் இதைச் சொல்வது, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனைப் பார்த்து 'நீ கண்டக்டர்' என்று அருள்வாக்கு சொல்வது போல.

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னாலதான் போச்சா?"

"உன்னாலதான். உன் புள்ளைய நீயே கட்டிப் போட்டுட்ட."

ஜெயப்ரியா கதறினாள். அழுத அழுகையில் தையல் போட்ட இடம் இழுத்து, கை தானாகவே இடது அடிவயிற்றைப் பிடித்தது. சாமி ஒரு கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இடது குழாய்! தோ, அங்கதான் சிக்கிகினு கீது!"

மஞ்சள் துணிக்குள் கை போனது. ஆறாத வயிற்றை ஓங்கி அமுக்கினார். "அம்மா!" என்று அவள் அலறினாள். "பீடை போவுது, கத்தட்டும்" என்றார். நூல் வந்தது. ஏழு முடிச்சு.

"அவுந்துடுச்சு! இடது குழாய் இப்போ சுத்தமா கீது. அது வழியாவே அடுத்த ஆடிக்குள்ள ஆம்பளப் புள்ள வரும். ஆசுபத்திரி மாத்திரைய இன்னிக்கே தூக்கிப் போட்டுடு."

ஜெயப்ரியாவின் அழுகை சட்டென்று நின்றது.

"எந்தக் குழாய் சாமி?"

"இடது."

"நல்லா பாத்தீங்களா?"

"உள்ள பூந்து பாத்துட்டு வந்தேன்."

"எனக்கு இடது குழாயே இல்லீங்களே. ஆபரேஷன்ல வெட்டி எடுத்துட்டாங்க. டப்பாவுல போட்டு வேலூருக்கு டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. நீங்க எப்போ வேலூர் போயிட்டு வந்தீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியின் வழுக்கை வேர்த்தது. ஆனால் தொழில் தெரிந்தவர். "அது சதைக் குழாய். நான் சொல்றது சூட்சுமக் குழாய்!"

"ஆங், சூட்சுமக் குழாய்!" என்று கூட்டம் தலையாட்டியது. அட என் ஜனங்களே! இல்லாத குழாயை இருப்பதாக நம்ப உங்களுக்கு ஒரு வடமொழிச் சொல் போதுமா?

"சரிங்க, குழாய் சூட்சுமம். நூல்?" ஜெயப்ரியா அதைக் கையில் எடுத்தாள். "இது எங்க தறிப் பட்டுதானே?"

"உன் கை பட்ட சுத்தப் பட்டு."

தட்டில் எரிந்த கற்பூரத்தில் நூலைக் காட்டினாள். பட்டைக் கொளுத்திப் பார்க்கத் தெரியாதவர் ஆரணியில் கிடையாது. பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். தொட்டால் சாம்பலாக உதிரும். இது சுருண்டது, உருகியது, கறுப்பு மணியாக உருண்டு நின்றது.

"நைலான்!" என்றது நூறு வாய்.

அவ்வளவுதான். ஒரு பெண் வலியில் அலறியபோது கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கூட்டம், நைலானைப் பட்டு என்றதும் பொங்கி எழுந்தது. ஊர் மானம் போய்விட்டதல்லவா! மஞ்சள் துணியை முதலில் உருவியவள் உண்ணாமலை. சாமியின் இடுப்பில் ஒரு டப்பா. அதற்குள் ஈரப் பஞ்சில் வரிசையாக, அடுத்தடுத்து வரப்போகிற பெண்களுக்கான நூல்கள், தயாராக முடிச்சுப் போட்டு. "அடப்பாவி, எங்க ஊட்டுப் பொண்ணு வயிறுதான் கெடச்சுதா உனுக்கு?" என்று அந்த டப்பாவாலேயே அவன் வழுக்கையில் ஒன்று போட்டாள். இனி அவனுக்கு மரியாதை எதற்கு? பின்கதவு வழியாக ஓடினான். பிடித்து இழுத்து வந்து, போலீஸ் வரும்வரை நெல் எடை போடுகிற தராசில் உட்கார வைத்தார்கள்.

உண்ணாமலை முகம் வெளுத்திருந்தது. "ஜெயா, பிணைக்கிறப்போ நாம முடிச்சே போடறதில்லியேம்மா. சாம்பல் தொட்டு முறுக்கிதானே உடுறோம். இதுகூட எனக்குத் தோணலியே."

"முடிச்சே போட்டிருந்தாலும் இன்னா அத்தே? நூலுக்கும் வயித்துக்கும் இன்னா சம்பந்தம்? நீ ஒண்ணும் பண்ணலம்மான்னு டாக்டரம்மா மூணு தடவ சொன்னாங்க. நான் நம்பல. நீதான் பண்ணன்னு இவன் ஒரு தடவ சொன்னான், நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, தன்னைத் திட்டிக்கொள்ளாமல், பிள்ளைக்காக அழுதாள். உண்ணாமலை வலிக்காத பக்கமாக அவளை அணைத்துப் பிடித்தாள். "அழு தாயி. தப்பு உன் கையில இல்ல, என் வாயிலதான்."

கூட்டம் கலைந்தது. அவரவர் புடவையைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "இவன் டூப்பு. போளூர் பக்கம் ஒருத்தரு கீறாராம். அவருதான் ஒரிஜினல்."

ஒரு பெண்ணின் வயிற்றில் அடி விழுந்தால் உடனே அவள் கையைச் சோதிக்கிற ஊரே, ஒரே ஒரு தடவை உன் தலையைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்!