எங்கள் கூடத்துக் கம்பளத்தின் ஆழ்தூய்மைப் பணி

“ஓரமா வாங்க, அத்தை.”

“ஏன் மாப்ள, ஈரமா கீதா?”

“இல்லீங்க. சுத்தமா இருக்குது.”

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கூடத்தில் என் கணவர் புகழேந்திக்கும் என் அம்மாவுக்கும் இடையே நடந்த இந்த உரையாடல், மனிதகுலத்தின் தூய்மை வரலாற்றில் தனி அத்தியாயமாக இடம்பெற வேண்டியது. ஈரம் என்றால் காத்திருந்து நடக்கலாம். சுத்தம் என்றால் எந்தக் காலத்திலும் நடக்க முடியாது என்ற பேருண்மையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையின் செம்மண் ஏறிய பாதங்களோடு அம்மா சுவரை ஒட்டி நடந்து சமையலறைக்குப் போனாள். காபி குடித்தாள். நாலு மணி பஸ்ஸில் கலசபாக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. கம்பளத்தின்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

கம்பளத்தின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையைக் காலி செய்த ஓர் இத்தாலிக்காரம்மாள் விட்டுச் சென்றது அது. அவர் அதன்மேல் செருப்போடு நடந்தார், தேநீர் கொட்டினார், இரண்டு தெருநாய்களையும் வளர்த்தார். அதெல்லாம் ‘வெளிநாட்டுப் பயன்பாடு’, கணக்கில் வராது. என் கணவர் பார்த்த மாத்திரத்தில் “பாரசீகம்” என்றார். பின்பக்கம் ‘பானிப்பட்’ என்று தைத்திருந்ததைக் காட்டினேன்.

“பாரசீகத்துல அப்படி ஒரு ஊரு இருக்கும், மதி.”

வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பவர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வெயிலில் பாறையே வெடிக்கிற ஊரில், ஜில்லென்ற தரையைக் கம்பளி போட்டு மூட வேண்டும் என்ற யோசனை சாமானியருக்கு வராது.

மாதம் ஒருமுறை ‘ஆழ்தூய்மைப் பணி’. அதற்கு முந்தைய நாள் ஆலோசனைக் கூட்டம். தலைவர் அவர், உறுப்பினர் நான். தேநீரை உறுப்பினரே போட்டுக்கொண்டு வர வேண்டும். ஆப்பசோடா தூவுவது, வினிகர் தெளிப்பது, இழை ஓடும் திசையில் ஷாம்பு நுரையைத் தேய்ப்பது என்று கைபேசியில் பார்த்து அவர் வாசிப்பார். அது மேற்பார்வை. நான் முழங்கால் போட்டுத் தேய்ப்பேன். அது களப்பணி. முடிந்ததும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு வேலை ஜாஸ்தி” என்பார்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கடைசி இனம் ‘இதர’. என்னிடம் ஒரே ஓர் ‘இதர’ இருந்தது. அம்மாவைக் கூட்டிவந்து கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடமாக அந்த இனம் வருவதற்குள் கூட்டம் முடிந்துகொண்டே இருந்தது.

இந்தச் சித்திரையில் விஷயம் அவசரமாகிவிட்டது. சித்ரா பௌர்ணமிக்கு அடுத்த புதன்கிழமை அம்மாவுக்கு இந்த ஊரில் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் தூசு படாத இடத்தில் இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மாவட்டத்திலேயே தூசு படாத இடம் எங்கள் கூடம்தான்.

“என்னங்க, அம்மாவுக்கு…”

“கறை எடுக்கறப்ப பேசாத மதி. கவனம் செதறும். நேரா தேய்.”

நேராகத் தேய்த்தேன்.

சித்ரா பௌர்ணமி விடுமுறையில் வருடாந்திரப் பெருங்குளியல். தண்ணீர் குடித்த கம்பளம் செத்த எருமை மாதிரி கனத்தது. மாடிக்கு ஏற்ற முடியவில்லை. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. கேட்டுக்கு வெளியே உள்ள சிமெண்ட் தளத்தில் இருவரும் இழுத்துப்போட்டு விரித்தோம். இவர் குடை பிடித்துக் காவல் நின்றார். ஒரு மணிக்குப் பசி வந்தது.

“நான் சாப்ட்டு வரேன். எவனும் மிதிக்காம பாத்துக்கோ.”

நான் பொறுப்பேற்ற மூன்றாவது நிமிடம், வெறுங்காலோடு தார்ச் சாலையில் துள்ளித் துள்ளி வந்த ஒரு அம்மாள் அப்படியே கம்பளத்தில் ஏறி நின்றாள்.

“அப்பாடா. ஜில்லுனு கீது. நல்லா இருப்ப தாயே.”

தடுத்திருக்க வேண்டும். கடமை தவறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவளைத் தொடர்ந்து அவள் குடும்பம், பிறகு அவர்கள் ஊர். சட்டையைத் தோளில் போட்டிருந்த ஒருவர் யாரும் கேட்காமலே நிர்வாகத்தை ஏற்றார்.

“தள்ளாதீங்க. எல்லாருக்கும் கெடைக்கும். ஆளுக்கு ஒரு நிமிசம்.”

சத்தம் கேட்டு இவர் சோற்றுக்கையோடு ஓடி வந்தார்.

“யோவ், யாரைக் கேட்டு ஏற்…”

கம்பளத்தின் நட்ட நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, கண் மூடி நின்றுகொண்டிருந்தவர் அவருடைய மேலதிகாரி இராமலிங்கம்.

“புகழேந்தி, உங்க உபயமா இது? கால் வச்சதும் உசுரு வந்துதுய்யா.”

இவர் சோற்றுக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நம்மால முடிஞ்சது, சார்.”

“வருஷா வருஷம் செய்யுங்க.”

“வருஷா வருஷந்தான் சார் செய்யறோம்.”

ஒரே மூச்சில் பாரசீகம் பொதுச்சொத்தானது. எந்தக் கோப்பும் இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“என்ன பாத்துட்டு நிக்கற? காஞ்சிடப் போவுது. இன்னொரு பக்கெட் ஊத்து. பாவம், கால் சுடாதா அவங்களுக்கு?”

ஊற்றினேன். செம்மண், தார், குங்குமம், நசுங்கிய வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து வழிந்தது. இவர் வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றினார். குதிகால் வெடித்த ஒரு பெண்மணி, சேறாகிவிடுமே என்று ஓரமாக ஒதுங்கினாள்.

“பரவால்லம்மா, நடுவுல வந்து நில்லுங்க. காலு தானே.”

இந்த மனிதரை நான் இரண்டு வருடமாகத் தவறாக எடைபோட்டிருந்தேன். பாதங்கள்மேல் அவருக்கு வெறுப்பே கிடையாது.

பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

“என்னங்க.”

இவர் திரும்பினார். மேலதிகாரியும் கண்ணைத் திறந்தார்.

“முன்னபின்ன தெரியாதவங்க காலுக்கெல்லாம் தண்ணி ஊத்தச் சொல்றீங்க, ஊத்தறேன். எங்கம்மா காலு மட்டும் என்னங்க பண்ணுச்சு? புதங்கெழம ஆபரேஷன் முடிச்சு நம்ம வூட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும். பத்து நாளு எங்கம்மா இங்க இருக்கட்டுங்க.”