றெக்கோடர் விழுங்கின சொல்

ஊர்காவற்றுறை,
14.9.1984

அன்பு மகன் லியோனுக்கு,

ஜேர்மனியில் குளிரோடு மல்லுக்கட்டும் உமக்கு அப்பு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். உமது சுகத்துக்காக அந்தோனியாரிடம் தினமும் மன்றாடுகிறோம். நிற்க, நீர் பேசிப் பதிந்து அனுப்பிய கசற் செவ்வாய்க்கிழமை பத்திரமாய் வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் பத்திரம் போய்விட்டது.

நெடுந்தீவு யாகப்புவின் மகள் ஜெசிந்தாவை உமக்குப் பேசியிருப்பதாக எழுதினேன் அல்லவா, அதற்கு மறுமொழி வந்திட்டுதெண்டு கொம்மா மீனை அடுப்பிலை விட்டிட்டு ஓடி வந்து கதிரையிலை குந்தினா. கசற்றைப் போட்டு றெக்கோடரை அமத்தினன். "அப்பு, அந்தப் பிள்ளையைக் கட்ட..." எண்டு சொன்னீர். அதோடை கிர்ரெண்டு ஒரு சத்தம். றெக்கோடர் நாடாவை விழுங்கிப்போட்டுது! "கட்டச் சம்மதமெண்டுதான் பெடியன் சொல்ல வந்தவன், சுவாமியாரிட்டைச் சொல்லுவம்" எண்டு கொம்மா வெளிக்கிட்டா. "பொறுமப்பா, மிச்சத்தையும் கேப்பம்" எண்டு மறிச்சன்.

நாடாவை மெல்ல இழுத்தெடுத்து, பென்சிலைக் கோத்துச் சுத்தினன். திரும்பவும் விழுங்கிச்சுது. பஞ்சிலை ஓடிக்கொலோன் தொட்டு உள்ளுக்கை துடைச்சன். இந்தமுறை நல்ல வாசத்தோடை விழுங்கிச்சுது. கடைசியிலை வள்ள மிசின் திருத்திற கிறிஸ்தோப்பரைக் கூட்டி வந்தன். "கடலுக்கை தாண்டு கிடந்த மிசினையே ஓட வைச்சனான், இதொரு வேலையோ அண்ணை?" எண்டு நாலு ஸ்குறூவைக் கழட்டி மூண்டைப் பூட்டினான். அதுக்கிடையிலை நாடா அறுந்து போச்சு. நகத்துக்குப் பூசிற கியூரெக்ஸ் தொட்டு ஒட்டினான். போட்டால், "ஏலாது" எண்டு மட்டும் உம்மடை குரல் வந்து நிண்டுது.

கொம்மா ஒரே அழுகை. "வெள்ளைக்காரியைப் பிடிச்சிட்டான்" எண்டா. எனக்கும் ஒரே யோசனை. யாகப்புவிட்டை எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது? எண்டாலும் மனம் விடேல்லை. கசங்கின நாடாவை வேதாகமத்துக்கை வைச்சு, மேலை அம்மிக்குழவியை ஏத்தி, அடுத்த நாள் எடுத்துப் போட்டன். "கட்ட ஏலாது எண்டு சொல்லுவனெண்டு நினைச்சியளோ? எனக்கு முழுச் சம்மதம்!"

கிறிஸ்தோப்பர் முற்றத்திலை நிண்டு ஆடினான். "நான் முதலே சொன்னனான்" எண்டு கொம்மா கண்ணைத் துடைச்சா. உடனே நெடுந்தீவுக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு, தையிலை கலியாணம். ஆகையால் இனி ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். கோட்டுத் தைக்க அளவு மட்டும் அனுப்பும்.

கடலையும் காற்றையும் படைத்தவர் உம்மைக் காப்பாராக. கொம்மாவின் முத்தங்கள் ஆயிரம்.

இப்படிக்கு,
அன்பு அப்பு
அருளப்பு

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, யாகப்புவும் ஜெசிந்தாவும் வள்ளத்திலை வந்து இறங்கிச்சினம். பிள்ளைக்கு உம்மடை குரலைக் கேக்க ஆசையாம். கரண்ட் இல்லை. கிடந்த பழைய பற்றறியளைப் போட்டன், அதுகளிலை சக்தி காணாது. குரல் கிணத்துக்குள்ளை இருந்து வாற மாதிரி இழுத்து இழுத்து வந்துது. பிள்ளை என்னைப் பாத்து, "மாமா, இவருக்கு உங்களிலும் வயது கூடவோ?" எண்டு கேட்டிது. யோசிச்சுச் சொல்லுறாவாம். உடனே வேறை கசற் அனுப்பும். கெதியாய்க் கதையும்.