இருநூறு வரை வேட்டை கூடாது

ஒரு காட்டில் அந்தக் கோடைக்கு வற்றாமல் மிஞ்சியது ஒரே ஒரு குளம். குளத்தைச் சுற்றிக் கூப்பிடு தூரத்துக்குள் யாரும் யாரையும் அடித்துத் தின்னக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் கூப்பிடு தூரம். யார் கூப்பிட்டால், யார் காதுக்கு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. மழை பெய்கிற காலத்தில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

ஒருநாள் குளக்கரை மருத மரத்தடியிலேயே, செவ்வந்தி என்ற மானின் கொழுந்தனைப் புலியார் பிடித்துத் தின்றுவிட்டார். செவ்வந்தி அழுதுகொண்டே நியாயம் கேட்கப் போனாள்.

"ஏம்மா, அவன் கத்துனது குளத்துல யாருக்காவது கேட்டுச்சா?" என்றார் புலியார், பல் குத்திக்கொண்டே.

"இல்லீங்கய்யா."

"கேக்கலேன்னா கூப்பிடு தூரத்துக்கு வெளியேன்னுதானே அர்த்தம்?"

"நீங்கதான் கழுத்தைக் கவ்விட்டீங்களே, அவரு எப்படிய்யா கத்துவாரு?"

"அது என் தொழில்மா. அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

இனிக் குளத்துப் பக்கம் போகவே செவ்வந்திக்குப் பயமாக இருந்தது. புதருக்குள் அவள் குட்டி தண்ணீர் இல்லாமல் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. இனிமேல் கூப்பிடு தூரமே வேண்டாம், மீட்டரில் எல்லை போடுங்கள் என்று எல்லா மிருகங்களும் கூடிய கூட்டத்தில் கேட்டாள். இருநூறு மீட்டர் என்று முடிவானது. புலியாரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பலகை வைக்கும் வேலை மாசானம் என்ற குரங்குக்குப் போனது. யாரோ விட்டுப்போன அளவு டேப் ஒன்று அவனிடம் இருந்தது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்ட நாளிலிருந்து காட்டுக்கே தான்தான் இன்ஜினியர் என்று நினைப்பு. பெரிய எழுத்தில் எழுதினான்: 'குளத்திலிருந்து 200 வரை வேட்டை கூடாது.'

"அண்ணே, இருநூறு என்னன்னு எழுதலியே?" என்றாள் செவ்வந்தி.

"பலகையில இடமில்லம்மா. இருநூறுன்னா மீட்டர்தான்னு பச்சைப் புள்ளைக்கும் தெரியும்."

புலியாருக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"ஐயா, எல்லைக்குள்ள படுத்திருக்கீங்க" என்றாள் செவ்வந்தி.

"இருநூறுன்னுதானே போட்டிருக்கு? நான் சென்டிமீட்டர்னு எடுத்துக்கிட்டேன். வேணும்னா மாசானத்தை அளந்து பாக்கச் சொல்லு."

மாசானம் அதற்குள் மரத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தான்.

குட்டி இன்னொரு நாள் தாங்காது. செவ்வந்தி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கோமதியக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மூங்கில் காட்டுக்குள் மேய்ந்துகொண்டிருந்த கோமதி என்ற யானை, என்னமோ ஏதோ என்று குடும்பத்தோடு ஓடிவந்தாள்.

"ஐயா சென்டிமீட்டர்னு எடுத்துக்கிட்டாரு. நான் யானைன்னு எடுத்துக்கிட்டேன்க்கா. இருநூறு யானை. கரையிலேர்ந்து வரிசையா நில்லுங்க, அளந்துருவோம்."

"யானையெல்லாம் ஒரு அளவா?" என்று சீறினார் புலியார்.

கோமதி தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தாள். அளவுதான் என்று அவருக்கும் பட்டது.

ஆனாலும் விடவில்லை. "இந்தக் காட்டுல மொத்தமே ஒன்பது யானைதானே இருக்கு?"

"மிச்சம் வரட்டும்யா," என்றாள் செவ்வந்தி. "அளந்து முடியாம எல்லை எதுன்னு எப்படித் தெரியும்? அதுவரைக்கும் வேட்டையை நிறுத்தி வைக்கிறதுதானே முறை?"

அளவு வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. யானைகள் கரையை விட்டு நகர்வதில்லை. கோமதியின் வயிற்றுக்கு அடியில் நின்று செவ்வந்தியின் குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறது. மாசானம் தினமும் டேப்போடு வந்து மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகிறான்.

நீதி: எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகையும் மறக்காமல் எழுதுக. மறந்துவிட்டால், யானை கூப்பிடு தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்க.