பதினேழாம் வரிக்கு ஒரு மறுப்பறிக்கை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். செவ்வாய்க்கிழமை முதல் அவள் என்னிடம் பேசவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே உங்கள் நலம் கேட்க இரண்டு நாளில் பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் அத்தை எடுத்து, "மாமா குளிக்கிறாங்க" என்றார்கள். இத்தனை குளியல் உடம்புக்கு ஆகாது, மாமா. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மின்னஞ்சல் அனுப்ப இந்தக் கைக்கு இனி துணிச்சல் இல்லை.

என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். கம்பெனிக்காரர்கள் தரும் பொருளை வலைப்பதிவர்களுக்கு அனுப்பி, நாலு நல்ல வார்த்தை எழுத வைப்பதற்குப் பெயர் மக்கள் தொடர்பு. செவ்வாய் காலை, புது மின் கெட்டிலைப் பற்றிய செய்திக்குறிப்பை நாற்பத்து மூன்று பதிவர்களுக்கு அனுப்ப வேண்டும். மேலாளர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆச்சா? இன்னும் ஆகலையா?" என்று நச்சரித்தார். ஆயிற்று. ஆனால் செய்திக்குறிப்புக்குப் பதில் நான் இணைத்தது, பதிவர்களைப் பற்றி எனக்காக மட்டும் குறித்து வைத்திருந்த பட்டியலை! சமையல் பதிவர் அம்மாவுக்கு நேரே, "பேச ஆரம்பித்தால் அரை மணி, சாப்பிட்டுவிட்டு அழைக்கவும்." கைப்பேசிப் பதிவருக்கு நேரே, "இவர் கட்டுரையை நாம் படிக்கத் தேவையில்லை. அபாரம் என்று சொன்னால் போதும்." பதினேழாம் வரியில் நீங்கள். "மாமனார். எதை அனுப்பினாலும் நல்லதாகவே எழுதுவார். கவலை இல்லை."

எழுதிய கையை என்ன செய்வது, மாமா? முப்பது வருடம் கடை கடையாகத் தராசைச் சோதித்த அதிகாரி நீங்கள். ஓய்வு பெற்று வலைப்பதிவு தொடங்கிய பிறகும் வீட்டுச் சாமானை அளந்து பார்க்காமல் ஒரு வரி எழுதாதவர். போன மாதமே நான் கொண்டுவந்து தந்த அந்தக் கெட்டிலை நாற்பது முறை கொதிக்க வைத்து, முக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் மூடி வழியாகக் கையில் வழிகிறது என்று கண்டுபிடித்து, கட்டுரையும் எழுதி முடித்தீர்கள். நான்தான் ஓடி வந்து, "இந்த ஒரு தடவை மட்டும் மாமா, வேலைக்கே உலை வச்சிடாதீங்க" என்று கெஞ்சினேன். நீங்களும் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். எனக்காக வாயை மூடிக்கொண்ட மனிதரைத்தான் ஜால்ரா என்று ஊருக்கே அறிவித்துவிட்டேன். உங்கள் மகள் கேட்டது ஒரே கேள்வி: "எங்கப்பா பேரை இனி எதை வச்சு நிமிர்த்துவீங்க?" எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை.

யோசித்து யோசித்து ஒரே வழிதான் தெரிகிறது. இழுப்பறையைத் திறந்து, அந்தக் கட்டுரையை நாளைக்கே வெளியிடுங்கள். மூடி வழிவதை ஒரு சொட்டு விடாமல் எழுதுங்கள். நாற்பத்திரண்டு பேரும் படித்து, நீங்கள் யாருக்கும் தலையாட்டுகிறவர் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும். என் வேலை போனால் போகட்டும். உங்கள் பெயர் போகக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும். அது இப்போது கையிருப்பில் இல்லையென்றால், கோபமாவது குறைய வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிராத மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அலுவலகத்திலிருந்து போன். அனுப்பிய மின்னஞ்சலை யார் யார் திறந்தார்கள் என்று கணக்குக் காட்டும் வசதி ஒன்று எங்களிடம் உண்டு. பதற்றத்தில் அதை நான் பார்க்கவே இல்லை. நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்திரண்டு பேர் திறக்கவே இல்லையாம். இதற்கு முன்பு நான் அனுப்பிய எதையும் அவர்கள் திறந்ததில்லையாம். "தப்பிச்சோம்யா!" என்று மேலாளர் குதிக்கிறார். ஆகவே மேலே பெரிய மனது பண்ணி எழுதியதற்கெல்லாம் அவசியமே இல்லை. உங்கள் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. திறந்தவர் ஒரே ஒருவர். மூன்று முறை திறந்திருக்கிறார். ஆறு வருடமாக நான் அனுப்பும் ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவந்தவரும் அவர் ஒருவர்தானாம். அவருக்கு என்ன மறுப்பறிக்கை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மாமா. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். அப்போது மட்டும் குளிக்கப் போய்விடாதீர்கள்.