கம்பெனி பாய் போன கிரிவலம்

திருவண்ணாமலைக்கு வந்தவர் அண்ணாமலையாரைத் தரிசிக்காமல்கூட ஊர் திரும்பிவிடலாம். ஆனால் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாக இருப்பவர், எங்கள் கம்பெனி பாயிடம் சிக்காமல் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் ஐ.டி.ஐ. ஒன்றில் அவர் டர்னர் பிரிவு வாத்தியார். நான் ஸ்டோர் கீப்பர். அவருடைய நிஜப் பெயரை வீட்டிலாவது ஞாபகம் வைத்திருந்தார்களா தெரியாது. எதற்கெடுத்தாலும் கம்பெனிதான். பையன் தலைமுடி வளர்த்தால், "கம்பெனில மெஷின் இழுத்துக்கும்டா!" என்பார். டீ ஆறிப்போயிருந்தால், "கம்பெனில இத குடிப்பாங்களா?" என்று கேன்டீன்காரரைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் அவர் கவலை நியாயமானது. இரும்பைக் கடையும் எங்கள் லேத் மெஷின்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. படித்து முடித்த பையன்கள் வேலை கேட்டுப் போனால், "புது மெஷின்ல கை வெச்சிருக்கியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முந்தைய வருஷத்துப் பையன்களில் பாதிப் பேர் கோயில் வாசலில் தேங்காய், பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். படிக்கும்போதே யாராவது தங்கள் மெஷினில் பழக விட வேண்டும். அதற்காக பாய் லாட்ஜ் லாட்ஜாக ஏறி, வந்திருப்பவர்களில் யார் என்ன உத்தியோகம் என்று விசாரிப்பார்.

ஒரு பௌர்ணமிக் காலையில் ராணிப்பேட்டைக் கம்பெனி மேனேஜர் ஒருவர் அகப்பட்டார். கிரிவலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கிளம்பினால் பாதியில் திரும்ப மாட்டார்கள் என்பது பாய்க்குத் தெரியும். உடனே செருப்பைக் கழற்றினார்.

"பாய், நீங்க எதுக்கு மலை சுத்துறீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கப்பா மலைய சுத்துறேன்? சாரத்தான் சுத்துறேன். நீயும் வா!"

செருப்புகளைப் பூக்கடையில் போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

மேனேஜர் மௌன விரதம். மலையைச் சுற்றி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். எனக்குக் கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது. அதைச் சொல்ல பாய் இடம் கொடுத்தால்தானே! ரமணாசிரமம் தாண்டுவதற்குள் லேத்தின் வரலாற்றை முடித்து, பையன்களைப் பழக விடும்படி பத்துத் தடவை கேட்டும்விட்டார். மேனேஜர் ஆளை விட்டால் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியா, எவ்ளோ மரியாத!" என்றார் பாய்.

அடி அண்ணாமலையில் மேனேஜர் வேகத்தைக் கூட்டினார். தொந்தியைத் தூக்கிக்கொண்டு பாயும் ஓடினார். கடைசியாக மேனேஜர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"ரகசியமா வெச்சுக்கணுமாம்பா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார் பாய்.

ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றியதும் மேனேஜர் விரதத்தை முடித்தார்.

"முடியாதுன்னு சொல்லத்தாங்க வழியெல்லாம் துடிச்சிக்கினு வந்தேன்."

பாய் முகம் தொங்கிப்போனது.

"அப்புறம் உங்க காலைப் பாத்தேன்."

நானும் அப்போதுதான் பார்த்தேன். வெறுங்காலில் நடந்து பழக்கமில்லாத மனுஷன். தார் ரோட்டுச் சூட்டில் பாதமெல்லாம் கொப்புளம், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"திங்கக்கெழமை பசங்கள அனுப்புங்க. மூணு மாசம் எங்க மெஷின்ல பழகட்டும். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க மட்டும் கூட வரக் கூடாது."

அந்த வருஷம் முடித்தவர்கள் ஒருவர் விடாமல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு மற்ற கம்பெனிக்காரர்களும் எங்களைத் தேடி வந்தார்கள். ஊருக்கே பெருமை என்றால் அதுதான்.

முதல் லீவுக்குப் பையன்கள் நீல யூனிபாரத்திலேயே பாயைப் பார்க்க வந்தார்கள். அவர் ஒவ்வொருவன் தோளையும் தடவிப் பார்த்தார். "துணி நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவர்களைக் கடைத்தெரு முழுக்க அழைத்துப்போய், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "நம்ம பசங்க, நம்ம பசங்க" என்று காட்டினார். நான் பின்னாலேயே போனேன், "எங்க பாய்" என்று அவரைக் காட்டிக்கொண்டு.